நைட்ரஸ் பாட்டிலுக்குக் கண் கிடையாது

சினிமாவில் ஹீரோ ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் சிவப்பு பட்டனை அமுக்குவார். கண்ணாடிக்கு வெளியே உலகம் கோடுகோடாக இழுபடும். வில்லனின் கார் பின்னால் புள்ளியாகிவிடும். நிஜத்தில் அந்த பட்டனை அமுக்குவது கடைசி வேலை. அதற்கு முன்னால் ஜெட், கேஜ், லேப்டாப் என்று ஒரு வாரமாவது உட்கார வேண்டியிருக்கும். அந்த வாரத்தில் என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்பதை, ட்யூனிங், அதாவது என்ஜினுக்குப் போகும் பெட்ரோலையும் தீப்பொறி நேரத்தையும் சரிசெய்யும் வேலை, அதன் பக்கமே போகாதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நைட்ரஸ் எரிபொருள் கிடையாது. அது தானாகப் பற்றி எரியாது. பக்கத்தில் எரிவதை இன்னும் வேகமாக எரிய வைக்கும், அவ்வளவுதான். நைட்ரஸ் ஆக்சைடு என்பது இரண்டு நைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த வாயு. எடைக் கணக்கில் அதில் 36 சதவீதம் ஆக்சிஜன். நாம் மூச்சுவிடும் காற்றில் எடைப்படி 23 சதவீதம்தான். ஒரு என்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் கொடுப்பது சுலபம். பம்ப்பையும் இன்ஜெக்டரையும் பெரிதாக்கினால் போதும். அந்தப் பெட்ரோலை எரிக்கக் காற்று வேண்டுமே, அங்கேதான் சிக்கல். டர்போவும் சூப்பர்சார்ஜரும் காற்றை அமுக்கித் திணித்து இதைத் தீர்க்கின்றன. நைட்ரஸ் அதே ஆக்சிஜனை டிக்கியில் ஒரு பாட்டிலில் திரவமாக எடுத்து வருகிறது.

சிலிண்டருக்குள் சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்த மூலக்கூறு உடைகிறது. ஆக்சிஜன் எரிதலுக்குப் போகிறது. மிச்சமான நைட்ரஜன் நெருப்பைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும் மெத்தையாக இருக்கிறது. சரி, சுத்த ஆக்சிஜனையே அடித்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். அந்த மெத்தை இல்லாமல் பிஸ்டன் தாங்காது. இன்னொரு லாபமும் உண்டு: சாதாரண காற்றழுத்தத்தில் நைட்ரஸின் கொதிநிலை மைனஸ் 88 டிகிரி. குழாயில் இருந்து வெளியே வந்ததும் கொதித்து ஆவியாகி, உள்ளே போகும் காற்றைச் சில்லென்று ஆக்கிவிடும். குளிர்ந்த காற்று அடர்த்தியான காற்று.

ஜோசப் பிரீஸ்ட்லி 1772-இல் இந்த வாயுவைத் தயாரித்தார். அப்புறம் அது பல் டாக்டர்களிடம் மயக்க மருந்தாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் உயரத்தில் காற்று மெலிந்து திணறும் போர் விமானங்களுக்கு இதைக் கொடுத்தார்கள். 1976 டேட்டோனா 500 பந்தயத்தின் தகுதிச் சுற்றில் ஏ.ஜே. ஃபாய்ட், டாரல் வால்ட்ரிப் இருவரின் நேரங்களும் நைட்ரஸ் விவகாரத்தில் செல்லாது என்று தள்ளப்பட்டன. நம் ஆட்கள் எல்லா நைட்ரஸையும் ‘நாஸ்’ என்கிறார்களே, அது ஒரு கம்பெனியின் பெயர். ஜெராக்ஸ் மாதிரி பொதுப்பெயராகிவிட்டது.

இரண்டு குருடர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: பாட்டிலுக்கு என்ஜினைப் பற்றி எதுவும் தெரியாது. சோலனாய்டு (கரண்டில் திறந்து மூடும் வால்வு) திறந்தால் உள்ளே இருக்கும் அழுத்தம் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு நைட்ரஸ் போகும். என்ஜின் 2,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) ஓடுகிறதா, 6,500-இல் ஓடுகிறதா, பெட்ரோல் வருகிறதா, வரவில்லையா, எதுவும் அதற்குக் கவலையில்லை.

பழைய கார்பரேட்டர் காலத்தில் இது ஒரு குருடனோடு மட்டும் முடிந்த கதை. இன்றைய காரில் இரண்டாவது ஆள் ஒருவர் இருக்கிறார்: ஈசியூ, அதாவது என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர். வினாடிக்கு எத்தனையோ தடவை காற்றை அளந்து, அதற்கேற்ப பெட்ரோலையும் தீப்பொறி நேரத்தையும் முடிவு செய்யும் மகா கெட்டிக்காரர். ஆனால் காற்றை அளக்கும் சென்சாருக்குப் பின்னால் நீங்கள் நைட்ரஸைப் பீய்ச்சினால் அது அவர் கண்ணில் படாது. நிதானமாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் அதே கம்ப்யூட்டர், மிதியை முழுதாக அழுத்தியதும் எழுதி வைத்த அட்டவணைப்படி பெட்ரோலைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். நைட்ரஸ் அடிப்பது எப்போதும் மிதி முழுதாக அழுந்திய நேரத்தில்தான். ஆக, பார்க்கத் தெரியாத பாட்டில் ஒரு பக்கம், பார்க்க முடியாத கம்ப்யூட்டர் மறுபக்கம். ட்யூனிங் என்பது நடுவில் நின்று இருவருக்கும் கண்ணாக இருக்கும் வேலை.

உதாரணத்துக்கு ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 2010-இலிருந்து 2015 வரை வந்த செவர்லே கமாரோ எஸ்எஸ், மேனுவல் கியர். உள்ளே எல்எஸ்3 என்ற 6.2 லிட்டர் வி8, 426 குதிரைத்திறன், அழுத்த விகிதம் (கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற கணக்கு) 10.7. அமெரிக்காவில் நைட்ரஸ் கற்றுக்கொள்பவர்கள் பலர் தொடங்கும் என்ஜின் இது. கிட்டு கிடைப்பது சுலபம், தெரிந்தவர்கள் அதிகம், உடைந்தால் பாகங்களும் கிடைக்கும்.

ஈரமா, உலர்ந்ததா

கிட்டுகளில் இரண்டு பெரிய வகை. ‘வெட்’ கிட்டில் நைட்ரஸும் அதற்கு வேண்டிய பெட்ரோலும் ஒரே நாசில் (பீய்ச்சும் குழாய்முனை) வழியாகச் சேர்ந்து பீய்ச்சும். இரண்டுக்கும் தனித்தனி சோலனாய்டு. ‘டிரை’ கிட்டில் நைட்ரஸ் மட்டும் போகும். கூடுதல் பெட்ரோலை காரின் சொந்த இன்ஜெக்டர்களே கொடுக்க வேண்டும். அதற்குச் சிலர் செய்யும் தந்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். காற்றை அளக்கும் சென்சாரில் சூடான கம்பி ஒன்று இருக்கிறது. காற்று அதிகம் போனால் கம்பி அதிகம் குளிரும், அதை வைத்துத்தான் அளவு. அந்தக் கம்பிக்கு முன்னால் நைட்ரஸைப் பீய்ச்சினால் கம்பி வெடவெடத்துப் போகும். ‘அடேயப்பா, எவ்வளவு காற்று!’ என்று கம்ப்யூட்டர் ஏமாந்து பெட்ரோலை அள்ளிக் கொடுக்கும்.

எல்எஸ்3-க்கு வெட் கிட்டைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அதிலும் ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். இந்த என்ஜினின் இன்டேக் மேனிஃபோல்டு (எட்டு சிலிண்டருக்கும் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) காற்று மட்டும் போவதற்காக வார்த்த பிளாஸ்டிக். திராட்டிலுக்கு (உள்ளே போகும் காற்றைத் திறந்து மூடும் தகட்டுக்கு) முன்னால் ஒரே நாசில் வைத்துப் பெட்ரோலையும் சேர்த்து அடித்தால், வளைவுகளில் பெட்ரோல் துளிகள் சுவரில் ஒட்டும். எட்டு சிலிண்டருக்கும் சமமாகப் போகும் என்று சொல்ல முடியாது. சின்ன அளவுக்கு இது தாங்கும். பெரிய அளவுக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி நாசில் வைப்பார்கள்.

பாட்டிலைத் திறப்பதற்கு முன்

நைட்ரஸ் இல்லாமல் என்ஜின் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் நைட்ரஸ் ட்யூன் பண்ணவே முடியாது. எட்டு சிலிண்டரும் அழுத்தத்தைச் சமமாகப் பிடிக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் முதலில். ஒன்று மட்டும் இளைத்திருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம் சைலன்சர் குழாயில் ஒரு வைட்பேண்ட் சென்சார். காரோடு வருகிற ஆக்சிஜன் சென்சாருக்கு ‘பெட்ரோல் அதிகம்’, ‘பெட்ரோல் குறைவு’ என்று மட்டும்தான் சொல்லத் தெரியும். எவ்வளவு அதிகம், எவ்வளவு குறைவு என்று வைட்பேண்ட் சொல்லும். பெட்ரோலுக்குக் காற்று-எரிபொருள் விகிதம் கணக்குப்படி 14.7. எண் கூடினால் பெட்ரோல் குறைவு, அதாவது ‘லீன்’. குறைந்தால் பெட்ரோல் அதிகம், ‘ரிச்’. மிதியை முழுதாக அழுத்தி ஓடும் என்ஜினுக்கு 12.5-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. நைட்ரஸோடு 11.5-ஐ ஒட்டி வைப்பார்கள். தொடக்கத்தில் 11 பக்கமாகவே நின்றாலும் நான் கவலைப்பட மாட்டேன். ரிச்சாக இருந்தால் கொஞ்சம் பவர் போகும், லீனாக இருந்தால் பிஸ்டன் போகும்.

எரிபொருள் அழுத்தத்தையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். எல்எஸ்3-இல் இது சுமார் 58 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு). சும்மா நிற்கும் காரில் 58 காட்டுவதில் எந்தப் பெருமையும் இல்லை. முழு மிதியில், உச்ச ஆர்பிஎம்மில், பம்ப்பிடம் எல்லோரும் ஒரே நேரத்தில் கை நீட்டும்போது எவ்வளவு என்பதுதான் கேள்வி. தெருக்குழாயில் பக்கத்து வீட்டார் எல்லோரும் திறந்த பிறகு உங்கள் குழாயில் வருவதுதான் உங்கள் தண்ணீர். அழுத்தம் இறங்கினால் முதலில் பம்ப்பை மாற்றுங்கள், கிட்டை அப்புறம் பார்க்கலாம்.

ஸ்பார்க் பிளக்கும் மாற வேண்டும். நைட்ரஸில் எரிதல் சூடு அதிகம். பிளக் நுனி கனன்று சிவந்தால் தீப்பொறி வருவதற்கு முன்னாலேயே அதுவே கலவையைப் பற்ற வைத்துவிடும். அதனால் ஒன்றிரண்டு படி ‘குளிர்ந்த’ பிளக், சூட்டைச் சீக்கிரம் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்தும் வகை. எல்எஸ் ஆட்கள் பெரும்பாலும் என்ஜிகே டிஆர்6 போடுவார்கள். என்ஜிகே-யில் எண் கூடினால் குளிர்ச்சி கூடும். வேறு சில கம்பெனிகளில் இது தலைகீழ், பார்த்து வாங்குங்கள். இடைவெளியை வழக்கமான 1 மில்லிமீட்டரில் இருந்து 0.9-க்கு, அதாவது அமெரிக்கக் கணக்கில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 35-க்குக் குறைப்பார்கள். அடர்ந்த கலவையில் தீப்பொறி தாண்டுவது கஷ்டம், அதனால்.

பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க பங்க்கில் 93 என்று போட்டிருப்பது நம்மூர்க் கணக்கில் 97, 98 ஆக்டேனை (நேரத்துக்கு முன் தானாகப் பற்றாமல் தாங்கும் திறனின் அளவு) ஒட்டி வரும். அங்கே இரண்டு அளவீடுகளின் சராசரியைப் போடுகிறார்கள், இங்கே ஒன்றை மட்டும். அமெரிக்க ட்யூன் குறிப்பு ஒன்றைப் படித்துவிட்டு நம்மூர் 91-ஐ ஊற்றி ஓட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜெட் என்ற சின்னத் துளை

நைட்ரஸ் எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு என்பதை முடிவு செய்வது ஜெட். கட்டைவிரல் நகத்தில் நிற்கும் சின்னப் பித்தளைக் குமிழ், நடுவில் ஒரு துளை. மேலே ஓர் எண் பொறித்திருக்கும். 28 என்றால் துளையின் விட்டம் அங்குலத்தில் ஆயிரத்தில் 28 பங்கு. 75 எச்பி, 100 எச்பி என்று ஒவ்வொரு ‘ஷாட்’டுக்கும் (நைட்ரஸ் கூட்டித் தரும் குதிரைத்திறனுக்கும்) எந்த ஜோடி ஜெட் என்று கிட்டோடு அட்டவணை வரும். அந்த அட்டவணையை நம்பித் தொடங்கலாம். அது ஒரு குறிப்பிட்ட எரிபொருள் அழுத்தத்துக்கும் பாட்டில் அழுத்தத்துக்கும் எழுதியது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

இங்கே ஒரு கணக்கை நிதானமாகப் போட்டுப் பார்ப்போம். பெட்ரோல் ஜெட்டை 28-இலிருந்து 30-க்கு மாற்றுகிறீர்கள். இரண்டு எண்தானே என்று தோன்றும். துளையில் பாய்வது விட்டத்தைப் பொறுத்ததில்லை, பரப்பைப் பொறுத்தது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். 28-இன் வர்க்கம் 784, 30-இன் வர்க்கம் 900. பெட்ரோல் 15 சதவீதம் கூடிவிட்டது.

இப்போது வைட்பேண்டைப் பாருங்கள். 426 எச்பி என்ஜினில் 100 எச்பி ஷாட். மொத்தப் பெட்ரோலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் நைட்ரஸ் பக்கம் போவது. அந்த ஐந்தில் ஒரு பங்கில் 15 சதவீதம் மாறினால் மொத்தத்தில் மாறுவது 3 சதவீதம். 11.5 காட்டிய மீட்டர் 11.2 காட்டும். கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை போலத் தெரியும். ஆனால் நைட்ரஸ் பக்கத்தில் நடந்தது பெரிய மாற்றம். எதிர்த்திசையிலும் இதே கதைதான்: மீட்டர் 0.3 லீனாகக் காட்டுகிறதென்றால் நைட்ரஸுக்குப் போகும் பெட்ரோலில் ஏழில் ஒரு பங்கைக் காணோம் என்று அர்த்தமாகலாம். அதற்கு மேல் வைட்பேண்ட் காட்டுவது சிலிண்டர்களின் சராசரி. ஏழு சிலிண்டர் கொஞ்சம் ரிச், ஒன்று ரொம்ப லீன் என்றாலும் மீட்டர் அழகாக 11.5 என்றே நிற்கும். வைட்பேண்டை மட்டும் பார்த்து ட்யூன் பண்ணினேன் என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

டிக்கியில் ஒரு வானிலை

என் நண்பர் ஒருவர் டெக்சாஸில் இருக்கிறார். அவருடைய கமாரோவில் இருந்து கழற்றிய ஸ்பார்க் பிளக் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவிய மாதிரி கறுப்புப் புள்ளிகள். சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் நடுநடுவே மினுமினுக்கும். அந்த மினுமினுப்பு அலுமினியம். பிஸ்டன் அலுமினியம்.

ஜெட் சரி. டைமிங் (தீப்பொறி நேரம்) சரி. ஏப்ரலில் ட்யூன் பண்ணி, ஒரு குறையும் இல்லாமல் ஓடிய கார். ஜூலையில் ஒரு மதியம் வெயிலில் நிறுத்தி வைத்திருந்தார்; பாட்டில் ஹீட்டரின் ஸ்விட்சையும் பழக்கத்தில் போட்டிருந்தார். பாட்டில் கேஜ் டிக்கிக்குள் இருந்தது, திறந்து பார்க்கவில்லை.

நைட்ரஸ் பாட்டிலின் அழுத்தத்தை நாம் வைப்பதில்லை, வெப்பநிலை வைக்கிறது. 20 டிகிரியில் சுமார் 730 பிஎஸ்ஐ. 30 டிகிரியில் 910-ஐத் தாண்டும். பெரும்பாலான ட்யூன்கள் எழுதப்படுவது 900-க்கும் 1,000-க்கும் நடுவில், அதாவது பாட்டில் 30, 32 டிகிரியில் இருக்கும்போது. 36.4 டிகிரியில் ஒரு கோடு இருக்கிறது. அதைத் தாண்டினால் நைட்ரஸில் திரவம் என்றும் ஆவி என்றும் பிரிவே கிடையாது. நிரம்பிய பாட்டிலாக இருந்தால் அதற்கப்புறம் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் விறுவிறுவென்று ஏறும். வெயிலில் நின்ற காரின் டிக்கிக்கு 36 ஒரு தூரமா?

துளையில் பாய்வது அழுத்தத்தின் வர்க்கமூலத்தில் மாறும். 1,000 பிஎஸ்ஐக்கு ட்யூன் பண்ணியது 1,200-இல் ஓடினால் நைட்ரஸ் சுமார் 9, 10 சதவீதம் கூடும். பெட்ரோல் ஜெட் அதே 58 பிஎஸ்ஐயில் அதே பெட்ரோலைத்தான் விடும். யாரும் எதையும் மாற்றாமலே ட்யூன் லீன் பக்கம் நகர்ந்துவிட்டது. குளிர்காலக் காலையில் இதற்கு நேர்மாறு: 10 டிகிரியில் 580 பிஎஸ்ஐதான் இருக்கும். நைட்ரஸ் குறைந்து, பெட்ரோல் மிஞ்சி, கார் கறுப்புப் புகை விட்டுத் திணறும். அது அவமானம் மட்டும்தான், செலவு இல்லை.

அதனால் ஹீட்டர் வாங்கினால் அழுத்தத்தைப் பார்த்துத் தானாக நிற்கும் வகை வாங்குங்கள். கேஜ் ஓட்டுநர் கண்ணுக்கு எதிரில் இருக்கட்டும். பாட்டிலைச் சூடாக்க நெருப்பைக் காட்டுவது பாட்டிலை வெடிகுண்டாக்குவது. அப்படியும் செய்தவர்கள் உண்டு. பாட்டிலை மாட்டும் கோணமும் முக்கியம். உள்ளே ஒரு உறிஞ்சுகுழாய் அடிவரை போகிறது. கார் முன்னே பாயும்போது திரவம் பின்னால் ஒதுங்கும் என்பதால், வால்வு காரின் முன்பக்கம் பார்த்து, லேபிள் மேலே பார்த்து, குழாயின் நுனி பின்பக்க அடிமூலையில் இருக்கும்படி மாட்ட வேண்டும். தலைகீழாக மாட்டினால் பாதிப் பந்தயத்தில் திரவத்துக்குப் பதில் ஆவி வரும்.

‘பர்ஜ்’ என்று பந்தயத்துக்கு முன்னால் வெள்ளைப் புகையாகப் பீய்ச்சுகிறார்களே, அது கூட்டத்துக்குக் காட்டும் வித்தை மட்டும் இல்லை. பாட்டிலில் இருந்து முன்னால் வரை போகும் நீண்ட குழாயில் நின்றுபோன ஆவியை வெளியேற்றி, நாசில் வாசலுக்குத் திரவத்தைக் கொண்டுவரும் வேலை அது.

தீப்பொறியைத் தள்ளிப்போடு

ஊஞ்சல் தள்ளிய அனுபவம் எல்லோருக்கும் உண்டு. ஊஞ்சல் நம்மை நோக்கி வந்து, நின்று, திரும்பும் நொடியில் தள்ளினால் ஆள் உயரப் போவார். இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால் மணிக்கட்டு போகும்.

பெட்ரோல் கலவை ஒரே நொடியில் எரிந்து முடிவதில்லை. அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்னாலேயே தீப்பொறி கொடுத்து, அழுத்தம் உச்சம் அடையும் நேரத்தில் பிஸ்டன் கீழே திரும்பியிருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். எல்எஸ்3 முழு மிதியில் 26 டிகிரி (என்ஜின் சுழலும் கோணக் கணக்கு, வெப்பம் இல்லை) முன்கூட்டித் தீப்பொறி வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நைட்ரஸ் கலவை வேகமாக எரியும். அதே 26-இல் விட்டால் அழுத்தம் சீக்கிரமே உச்சத்துக்குப் போய், ஏறிவரும் பிஸ்டன் தலையில் அடிக்கும். அடுத்தது நாக்கிங், அதாவது மிச்சக் கலவை தானாக வெடித்து என்ஜினை அடிப்பது; அதற்கடுத்தது நான் மேலே சொன்ன மிளகுத்தூள்.

ஒவ்வொரு 50 எச்பி ஷாட்டுக்கும் 2 டிகிரி குறை என்பது நைட்ரஸ்காரர்களின் வாய்ப்பாடு. 100 எச்பிக்கு 26 போய் 22. தொடக்கத்தில் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி குறைத்து 20-இல் வைத்தாலும் தப்பில்லை. ஈசியூவில் எழுதும் சாஃப்ட்வேர் வழியாகவோ, நைட்ரஸ் ஓடும்போது மட்டும் குறைக்கும் கன்ட்ரோலர் வழியாகவோ செய்யலாம். இங்கே நவீன கார் ஒரு கண்ணி வைத்திருக்கிறது: உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சார் மேல் நைட்ரஸின் குளிர் பட்டால், ‘காற்று ஜில்லென்று இருக்கிறதே’ என்று சில ட்யூன்களில் கம்ப்யூட்டர் டைமிங்கை முன்னே தள்ளிவிடும். நீங்கள் குறைத்ததை அது கூட்டும். நாசில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் அந்த அட்டவணையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியது இதனால்தான்.

எப்போது அடிக்கலாம்

பாட்டில் வினாடிக்கு இவ்வளவு என்று விடுகிறது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று விடுவதில்லை. என்ஜின் மெதுவாகச் சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் ஒவ்வொரு தடவையும் அதிக நைட்ரஸை விழுங்கும். 100 எச்பி ஷாட் 5,250 ஆர்பிஎம்மில் சுமார் 136 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை) கூட்டும். அதே ஷாட் 2,600-இல் சுமார் 274. அதே ஜெட், அதே பாட்டில், பிஸ்டன் தலையில் இறங்கும் அடி இரண்டு மடங்கு. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைவது பெரும்பாலும் இங்கேதான். அமுக்கினவுடன் பாயட்டும் என்று 2,000-இல் பட்டனைத் தட்டுபவர்கள் மெக்கானிக்குகளின் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள்.

மேல்பக்கமும் ஓர் ஆபத்து உண்டு. உச்ச ஆர்பிஎம்மைத் தொட்டால் கம்ப்யூட்டர் பெட்ரோலை வெட்டும். பாட்டிலுக்கு அது தெரியாது, விட்டுக்கொண்டே இருக்கும். இன்டேக்கிலேயே தீப்பிடித்து அந்தப் பிளாஸ்டிக் மேனிஃபோல்டு ஓடு ஓடாகப் போன படங்கள் நிறைய உண்டு. ‘விண்டோ ஸ்விட்ச்’ என்ற சின்னப் பெட்டி இரண்டையும் காக்கும்: எல்எஸ்3-க்கு, 3,500-க்குக் கீழேயும் 6,200-க்கு மேலேயும் சோலனாய்டுக்குக் கரண்ட் போகாது என்று வைத்துக்கொள்ளலாம். கூடவே எரிபொருள் அழுத்தம் இறங்கினால் வெட்டும் ஒரு ஸ்விட்ச்.

மிதி முழுதாக அழுந்தினால் மட்டும் அடிக்க வேண்டும் என்பது மூன்றாவது நிபந்தனை. கேபிள் இருந்த காலத்தில் மிதியும் திராட்டிலும் ஒன்று. இன்றைய காரில் நீங்கள் மிதிப்பது ஒரு விண்ணப்பம். திராட்டிலைத் திறப்பது கம்ப்யூட்டர். பின்சக்கரம் வழுக்கினால், உங்கள் கால் தரையோடு ஒட்டி இருக்கும்போதே அது திராட்டிலைப் பாதி மூடிவிடும். அப்போதும் நைட்ரஸ் அடித்தால் காற்று குறைந்த என்ஜினுக்குள் ஆக்சிஜன் கொட்டும். அதனால் கன்ட்ரோலர் மிதியின் சிக்னலைப் பார்க்கக் கூடாது, திராட்டில் உண்மையில் எவ்வளவு திறந்திருக்கிறது என்ற சிக்னலைப் பார்க்க வேண்டும். பழைய கையேடுகளில் இது இருக்காது.

முதல் ஓட்டம்

சாலையில் வேண்டாம். டைனோவில், அதாவது காரை நின்ற இடத்திலேயே ஓட்டிப் பவரை அளக்கும் உருளை மேடையில், ஏற்றுங்கள். 75 எச்பி ஜெட்டோடு தொடங்குங்கள், 150 ஜெட் பெட்டியில் கிடந்து கண் சிமிட்டினாலும். எல்எஸ்3-இன் பிஸ்டன் வார்ப்பு வகை. நைட்ரஸ் சூட்டில் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் மேல் ரிங் விரிந்து அதன் இரண்டு முனைகளும் முட்டிக்கொண்டால் பிஸ்டன் விளிம்பைப் பிய்த்துவிடும். பாகம் எதையும் மாற்றாத என்ஜினுக்கு 150-ஐப் பலர் எல்லையாக வைப்பது இதற்காக.

நைட்ரஸ் இல்லாமல் ஓர் ஓட்டம் ஓட்டிப் பதிவு செய்யுங்கள். பாட்டிலைத் திற, அழுத்தம் பார், பர்ஜ். பிறகு 4,000-இல் அடித்து 5,500-இல் விடும் ஒரு குட்டி ஓட்டம். இரண்டு, மூன்று வினாடிதான். லேப்டாப்பில் முதல் அரை வினாடியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே விகிதம் ஒரு முள்ளாக லீன் பக்கம் குத்தினால், நைட்ரஸ் வந்த பிறகு பெட்ரோல் தாமதமாக வந்திருக்கிறது. நாக் சென்சார் நாக்கிங் கேட்டு டைமிங்கை ஒரு டிகிரி பின்னால் பிடித்திழுத்திருந்தாலும் ஏன் என்று தெரியும் வரை அடுத்த ஓட்டம் கிடையாது. எரிபொருள் அழுத்தக் கோடு நேராக இருக்கிறதா? நல்லது.

அப்புறம் என்ஜினை நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். ஒன்று போதாது, முடிந்தால் எட்டும். கையில் ஒரு பூதக்கண்ணாடி. பக்கவாட்டில் வளைந்து நிற்கும் உலோகக் கொக்கியில், சூட்டால் நிறம் மாறிய இடம் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோடு வளைவின் நடுவை ஒட்டி இருந்தால் டைமிங் சுமாராகச் சரி. அடிப்பக்கம், திருகு மரையை நோக்கி இறங்கியிருந்தால் டைமிங் அதிகம். நுனியிலேயே நின்றால் இன்னும் இடம் இருக்கிறது. பீங்கானின் ஆழத்தில் தெரியும் புகைவளையம் பெட்ரோலைப் பற்றிச் சொல்லும். பீங்கான் முழுக்கப் பளீர் வெள்ளை என்றால் பயப்படுங்கள். புள்ளிகள் தெரிந்தால் நிறுத்துங்கள். எட்டுப் பிளக்கில் ஒன்று மட்டும் வேறு நிறம் என்றால், வைட்பேண்ட் மறைத்த அந்த ஒற்றை லீன் சிலிண்டரைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஜெட்டையும் டைமிங்கையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று கடவுளுக்கும் தெரியாது.

நேரடி ஊசி என்ஜின்களில், உதாரணமாக 2016-இல் வந்த அடுத்த தலைமுறை கமாரோவின் எல்டி1-இல், பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் மிகக் குறுகிய நேரத்தில் பாய வேண்டும்; கூடுதல் பெட்ரோலுக்கு இன்ஜெக்டரிடமும் உயர் அழுத்தப் பம்ப்பிடமும் அதிக இடம் இருக்காது. அங்கே வெட் கிட்டின் பெட்ரோலைக் குறைந்த அழுத்தப் பக்கத்தில் இருந்து எடுப்பார்கள். மற்றபடி மேலே சொன்ன எல்லாம் அப்படியே பொருந்தும்.

சட்டம், பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. இந்தியாவில் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவில் மாட்டும். இது பந்தயப் பாதைக்கான விஷயம். அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏ, 1,800 பிஎஸ்ஐ முத்திரை உள்ள பாட்டிலைத்தான் ஏற்கும். அதுவும் நிரந்தரமாகப் பொருத்தியிருக்க வேண்டும், பிளாஸ்டிக் டையும் ஹோஸ் கிளாம்பும் செல்லாது. கார் நைட்ரஸில் அங்கே கந்தக டை ஆக்சைடு கலந்து விற்பது யாரும் போதைக்காக முகர்ந்து பார்க்கக் கூடாது என்பதற்காக.

ஓட்டம் முடிந்ததும் பாட்டில் வால்வை மூடுங்கள். சோலனாய்டு மட்டும் போதும் என்று விட்டுவிடாதீர்கள். அதன் உள்ளே ஒரு சின்னத் தூசி உட்கார்ந்தால் இரவு முழுக்க நைட்ரஸ் மெல்லக் கசிந்து மேனிஃபோல்டை நிரப்பியிருக்கும். காலையில் சாவி திருப்பியதும் பானட் தூக்கும். வால்வை மூடி, குழாயில் மிச்சம் இருப்பதைப் பர்ஜில் விட்டு, நோட்டில் எழுதுங்கள். என் நண்பரின் இப்போதைய நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: ‘பாட்டில் 930. வெளியே 34 டிகிரி. எரிபொருள் 57, நேராக. 75 ஜெட். டைமிங் 22. விகிதம் 11.4. நாக் பூஜ்யம். 7-ஆம் பிளக் கொஞ்சம் வெளுப்பு. மறுபடி பார்க்கணும்.’